ஐந்தாம் வாய்க்காலில் ஒரு தண்ணீர்க் களவு

"மிஸ்ஸி, கெதியா வாங்கோ! அஞ்சாம் வாய்க்கால்ல எல்லாரும் மண்வெட்டியோட நிக்கினம்!"

படலைக்கு வெளியே நின்று கத்தியவர் இராசம் அக்கா. ஐந்தாம் வாய்க்காலில் வயல் செய்யும் செல்லையா அண்ணரின் மனைவி. ஓடி வந்த களைப்பில் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

நான் பதறவில்லை. பதறுகிற கட்டத்தை அந்த ஊருக்கு வந்த முதல் வருடமே தாண்டிவிட்டேன். பிள்ளைப்பேற்றுப் பெட்டியைத் திறந்து, தொப்புள்கொடி கட்டும் நூலையும் கத்தரிக்கோலையும் மேசையில் வைத்தேன். அந்த இடத்தில் பஞ்சையும் கட்டுத்துணியையும் அயோடின் போத்தலையும் திணித்தேன்.

"ஆருக்கு அடி விழுந்தது?"

"இன்னும் விழேல்லை. நீங்கள் வந்து நிண்டால் விழாது எண்டு நினைக்கிறன்."

"நான் வந்து நிண்டால்தான் நல்லா அடிபடுவினம். கட்டுப்போட ஆள் நிக்குது எண்ட துணிவு வந்திடும்."

இராசம் அக்கா சிரிக்கவில்லை. அவருடைய புருஷனின் தலையில் ஏற்கெனவே ஒரு தழும்பு இருந்தது. கேட்காமலே என் சைக்கிளின் பின்கரியரில் ஏறி உட்கார்ந்தார். காலை வெயில் அப்போதே முதுகைச் சுட்டது. சேறும் காய்ந்த வைக்கோலும் கலந்த மணத்துக்குள் நான் மிதித்தேன்.

பேறு பார்க்க வந்தவள்

இதுவரை இந்தப் பக்கங்களில் பிள்ளைப்பேற்றுக் கதைகளையே சொல்லி வந்தேன். இந்த வாரம் யாரும் பிறக்கவில்லை. ஆனாலும் என் உத்தியோக காலத்தில் நான் கண்டவற்றுள் எதை நினைத்தால் இன்றும் உடம்பு புல்லரிக்கிறது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

கண்டாவளைப் பக்கம் காட்டை வெட்டி உண்டாக்கிய குடியேற்றத் திட்டம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வயலும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கொடுத்திருந்தார்கள். அங்கே அரசாங்க மருத்துவிச்சியாக நான் போனபோது எனக்குத் தலைமயிர் நரைக்கும் என்றே தெரியாத வயது. பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடுகிறாள் என்று முதலில் வாயைப் பிளந்தார்கள். பிறகு அந்தச் சைக்கிள் மணிச் சத்தத்தைக் கேட்டால்தான் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மூச்சு வந்தது.

என் வேலை பேறு பார்ப்பது மட்டும். மருந்துச்சாலைக்குப் போக பஸ் ஏறவேண்டும். பஸ் தன் இஷ்டத்துக்கு வரும். ஆகவே கட்டி, காய்ச்சல், நாய்க்கடி, உடைந்த மண்டை எல்லாம் என் விறாந்தைக்கே வந்து சேர்ந்தன. ஏசிக்கொண்டே பார்ப்பேன். ஏச்சு வாங்காமல் என்னிடம் மருந்து கட்டிக்கொண்டு போனவர் அந்த ஊரில் எவரும் இல்லை.

மண்டைகள் உடைவது சிறுபோகத்தில். மாரி மழையோடு விளையும் காலபோகத்தில் எல்லோரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். மழை இல்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் மட்டும்தான். அதை ஓவசியர் முறை வைத்துத் திறந்து விடுவார். இன்று உன் முறை, நாளை என் முறை. உன் முறையில் என் வரம்பு ஒரு சாண் உடைந்திருந்தால் அது களவு. அந்தக் களவுக்கு நியாயம் மண்வெட்டிப் பிடியால் சொல்லப்படும்.

செல்லையா அண்ணரின் மண்டையில் அப்படி நியாயம் சொன்னவர் முருகேசு அண்ணர். இருவர் வயலுக்கும் இடையில் ஒரே ஒரு வரம்பு. காயத்துக்கு நான்தான் கட்டுப் போட்டேன். அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கலியாண வீட்டில் ஒருவர் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் மற்றவர் தெற்கே பார்த்து உட்காருவார். செல்லையா அண்ணர் அத்தோடும் விடவில்லை. இப்படிப்பட்ட முரடனுக்குக் காணி எதற்கு என்று காணி கொடுக்கும் அலுவலகமான காணிக்கந்தோர்வரை போய் முறைப்பாடும் சொல்லிவிட்டு வந்தார்.

கால் போனது, காணி போகவில்லை

அந்த முரடனை ஒரு புடையன் பாம்பு கடித்தது. வரம்பில் புல்லுச் செதுக்கும்போது நடந்தது. உயிர் தப்பியது. கால் அழுகி, முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டி வந்தது.

பெரியாஸ்பத்திரியில் கனநாள் கிடந்துவிட்டு வந்தார். பஸ்ஸிலிருந்து அவரை இறக்கியபோது நானும் நின்றேன். மலை மாதிரி ஏறிய மனிதர், குழந்தைப்பிள்ளையைத் தூக்கி இறக்குவது போல இறங்கினார். அவருடைய மனைவி பறுவதம் அக்கா பக்கத்தில் நின்றார். அவருக்கு இழுப்பு. அன்று மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. பிள்ளைகள் இல்லை. கால் இல்லாத ஒருவர், மூச்சு இல்லாத ஒருவர், இருவருக்கும் வயதும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கக்கக்கட்டை வயல் நிலத்தில் புதைந்தது. யாரோ அதன் அடியில் தடித்த தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துப் பூட்டி விட்டார்கள். பிறகு அது ஈர வரம்பிலும் நின்றது. சிரட்டை தேய்ந்தால் வேறு சிரட்டை வந்துவிடும். அதைப் பூட்டியது யாரென்று கேட்டேன். முருகேசு அண்ணருக்கே தெரியவில்லை.

பிறகு காணிக்கந்தோர் ஐயா ஜீப்பில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலும் உயரவில்லை. "காணியை ஒப்படைச்சிட்டு, பிச்சைச் சம்பளத்துக்கு எழுதிப் போடுங்கோ. நான் சிபாரிசு செய்யிறன்," என்றார். வயது போனவர்களுக்கும் ஏலாதவர்களுக்கும் அரசாங்கம் மாதா மாதம் கொடுக்கும் உதவிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. கொடுக்கிறவர் கருணையோடு கொடுத்தாலும், பெயரைக் கேட்டால் வாங்குகிறவர் கை கூசும்.

"ஐயா, எனக்குக் கால்தான் போனது. காணி போகேல்லை," என்றார் முருகேசு அண்ணர்.

"சட்டம் ஒண்டு இருக்கு. காணிக்காரன் தானே வேளாண்மை செய்ய வேணும். வாற சிறுபோகத்தில வந்து பாப்பன். வயலில உங்கட பயிர் நிண்டால் நான் ஒண்டும் கதைக்க மாட்டன். நிக்காட்டில் காணி வேற ஆளுக்குப் போகும்."

காணி போனால் மேட்டுக்காணியும் வீடும் கூடவே போகும். பிறகு யாழ்ப்பாணத்தில் பறுவதம் அக்காவின் தம்பி வீட்டில், மாட்டுக்கொட்டிலோடு சேர்ந்த பத்திக்குள் பாய் விரிக்க வேண்டும். அதை அக்கா என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனார். ஊத மூச்சு இல்லை. நான்தான் ஊதினேன்.

அந்தச் சிறுபோகத்தில் ஐந்தாம் வாய்க்கால்காரர்கள் அவர் வயலை உழுது கொடுத்தார்கள். முளைநெல்லை அவரே வரம்பில் நின்று எட்டியமட்டும் வீசினார். எட்டாத இடத்துக்கு மற்றவர்கள் வீசினார்கள். பயிர் பச்சை பிடித்துத் தலை தூக்கிய நேரத்தில் அவருடைய கால் புண் கட்டையில் உரசி உடைந்தது. நான் கத்தினேன். "கட்டிலை விட்டு இறங்கினால் மற்றக் காலையும் நானே வெட்டுவன்!"

அந்த முரடர் கேட்டுக்கொண்டு படுத்தார். என் வாய்க்கு அவ்வளவு பயம்.

கயிறு

மண்வெட்டியோடு நிற்பவர்களிடம் போவதற்கு முன் ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

அதே வாய்க்காலில் கண் தெரியாத ஒரு வயது போன மனுஷி இருந்தார். மகனும் மருமகளும் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். அவர் தனியே எழும்பி, குசினி வாசலில் கட்டியிருந்த தும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். கிணற்றடியிலிருந்து இன்னொரு கயிறு, மறைவுக்குக் கட்டிய அடைப்புக்குப் பின்னால் போகும். பிறகு ஒன்று பக்கத்து வீட்டுப் படலைவரை போகும், வெற்றிலை வாங்கிப் போட. ஊர் மாடு ஆடுகள்கூட அந்தக் கயிற்றுக்குக் கீழே குனிந்து போகப் பழகியிருந்தன.

நான் புதிதாகப் போன காலத்தில் அதைப் பார்த்து, "ஆர் இதைக் கட்டினது?" என்று கேட்டேன்.

"அது கிடக்கு, பிள்ளை."

"ஆர் கட்டினது எண்டு கேக்கிறன்."

"எப்பவும் கிடக்கும், பிள்ளை."

மகனைக் கேட்டேன். தானில்லை என்றார். பக்கத்து வீட்டைக் கேட்டேன். கதையை மாற்றினார்கள். கயிறு நைந்து போகும் தறுவாயில் ஒருநாள் காலையில் புதுக் கயிறு கிடக்கும். எனக்குக் கோபமே வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் பழகிய புத்தி. ஒரு வேலை நடந்தால் அதைச் செய்தவர் என்று ஒருவர் இருக்க வேண்டுமே!

மெல்ல மெல்லத்தான் விளங்கியது. யார் செய்தார் என்று தெரிந்தால் அந்த மனுஷி அவரைக் காணும்போதெல்லாம் தலை குனிய வேண்டி வரும். ஆகவே ஏலாதவர்களுக்குச் செய்வதை அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் செய்தார்கள். புருஷன் செய்வது பெண்சாதிக்குத் தெரியாது. களவெடுப்பது போல ஒளித்து ஒளித்து நன்மை செய்யும் சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தண்ணீர் போன வழி

வாய்க்கால்கட்டில் சைக்கிளைச் சாத்தினேன். இராசம் அக்கா சொன்னது சரி. ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். எல்லோர் தோளிலும் மண்வெட்டி. நடுவில் தண்ணீர் விடும் ஓவசியர், நெற்றி நரம்பு புடைக்க.

"நான் குறைவில்லாமல்தான் திறந்து விட்டனான்! குளத்துத் துருசில நிண்டு என்ர கண்ணால பாத்துத் திறந்தனான்! உங்கட வயல் எல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அப்ப தண்ணி எங்கை போனது? வானத்துக்கோ?"

"களவெடுத்தவனைக் கேளுங்கோ!"

"ஆரைச் சொல்லுறாய்?"

"தொப்பி அளவானவன் போடட்டும்!"

ஒரு மண்வெட்டி தோளிலிருந்து இறங்கியது. உடனே எல்லா மண்வெட்டியும் இறங்கின. நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"அடிபடுறதெண்டால் வரிசையில வந்து அடிபடுங்கோ. என்னட்டைக் கட்டுத்துணி குறைவு. முதலில தண்ணி எங்கை போனது எண்டு போய்ப் பாருங்கோவன். தண்ணிக்குக் கால் முளைச்சுதே?"

ஏசினாலும் சொல்லில் நியாயம் இருந்தது. ஓவசியர் முன்னே நடந்தார். வெடித்த வயல்களைத் தாண்டி, வரம்புக்கு வரம்பு ஈரத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் அவர் பின்னே போனோம். செல்லையா அண்ணர் மட்டும் கடைசியில் வந்தார்.

ஈரம் முருகேசு அண்ணரின் வயலில் போய் முடிந்தது.

வயலென்று அதைச் சொல்ல முடியாது. சின்னக் குளம். வரம்பு விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. கொக்குகள் நின்றன. குனிந்து கையை விட்டேன். வெயிலில் சூடேறிய தண்ணீர் குளிக்க வார்க்கும் சுடுதண்ணீர் போல இருந்தது. அடியில் பயிர் வழுவழுவென்று கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளாகி, அழுகி, நாறியது.

ஓவசியருக்குக் கோபம் கண்ணை மறைத்தது. "பாத்தியளோ! களவெடுத்தது ஆர் எண்டு பாத்தியளோ! ஊரெல்லாம் பாவம் பாக்குது, இந்த மனுசன்…"

"இந்த மனுசன் கட்டிலை விட்டு இறங்கி எத்தினை நாள்?" என்று நான் கேட்டேன். "நான்தான் கட்டிப் போட்டனான். எப்பிடி வந்து வரம்பு வெட்டினவர்? பறந்தோ?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் வரம்பைப் பார்த்தோம்.

நான்கு பக்கமும் வரம்பு வெட்டப்பட்டு, பிறகு மண் வைத்துப் பூசப்பட்டிருந்தது. ஒரே ஒரு வெட்டு அல்ல. வழி நெடுகப் பூச்சு. சில காய்ந்திருந்தன. சில இன்னும் ஈரம். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பூச்சை அடையாளம் கண்டார்கள். முகங்களைப் பார்த்தேன். ஈயாடவில்லை.

"நான்… கொஞ்சம்தான் விட்டனான்," என்றார் ஒருவர், மண்வெட்டியின் தலையைப் பார்த்தபடி. "என்ர முறையில. மனுசன் எழும்ப ஏலாமல் கிடக்குது, பயிர் காயப்போகுது எண்டு."

"நானும் கொஞ்சம்," என்றார் அடுத்தவர்.

"நான் முந்தநாள். தண்ணி நிண்டதைக் கண்டனான். ஆனால் உது வடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

அப்படியே வரிசையாகப் போயிற்று. ஒருவர் மிச்சமில்லை. தன் பயிர் வெடித்த நிலத்தில் வாடும்போது, தன் முறைத் தண்ணீரைத் தானே களவெடுத்து, பகல் எல்லோரும் சோற்றுக்குப் போகும் நேரம் பார்த்து, ஒளித்து வந்து, இந்த வயலுக்குள் விட்டிருக்கிறார்கள். ஒருவர் விட்டது மற்றவருக்குத் தெரியாது. எல்லோருடைய கொஞ்சமும் சேர்ந்து பயிரை மூழ்கடித்துவிட்டது.

அப்படியும் தண்ணீர் வடிந்து போயிருக்கும். மிஞ்சின தண்ணீர் வெளியேறத்தான் மூலையில் வடிச்சல் வாய் இருக்கிறதே. ஓவசியர் போய்ப் பார்த்தார். வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து, ஒரு சொட்டும் வீணாகாதபடி, அழகாக அடைத்திருந்தது. நல்ல கைவேலை.

"இதை ஆர் அடைச்சது?"

நான் திரும்பிப் பார்த்தேன். செல்லையா அண்ணர் தலையில் இருந்த தழும்பைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு விளங்கிவிட்டது. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு நின்ற மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

எதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பதை நினைத்தேன். ஒரு சாண் வரம்புக்கு மண்டை உடைத்தவர்கள் இவர்கள். இவர்களுடைய காயங்களில் எது யாருடைய கைவேலை என்று எனக்குத் தெரியும். அதே கைகள்தான் இதையும் செய்திருந்தன. கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பது போல நான் நின்றேன். செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேனே என்றுகூடத் தோன்றியது.

மட்டப்பலகை

முருகேசு அண்ணரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கள் சொன்னால் ஏச மாட்டார், மிஸ்ஸி." எல்லோரும் படலைக்கு வெளியே நின்றுகொண்டு என்னை உள்ளே தள்ளினார்கள். காணிக்கந்தோர் ஐயா வருவதற்கு அதிக நாள் இல்லை. அவர் வந்து அந்தக் குளத்தைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது.

சொன்னேன். முருகேசு அண்ணர் முகட்டைப் பார்த்தபடி கேட்டார். பறுவதம் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருமோ?" என்று முருகேசு அண்ணர் கேட்டார்.

"ஓம், அண்ணை. எல்லாரும்."

"அந்தப் பக்கத்து வயல்காரனுமோ?" பெயர் சொல்லமாட்டார்.

"எல்லாரும் எண்டு சொல்லுறன் எல்லோ."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "பறுவதம், கட்டையை எடு," என்றார்.

அன்றே வடிச்சலைத் திறந்தார்கள். தண்ணீர் வந்த வயல்களுக்கே ஓடிப்போனது. எருமைகளை விட்டு மறுபடி மிதித்துச் சேறாக்கினார்கள். மறுநாள் ஒவ்வொருவரும் தங்கள் வயலில் செழித்து நின்ற இடமாகப் பார்த்து நாற்றுப் பிடுங்கி, முடி கட்டிக் கொண்டுவந்தார்கள். பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இந்தமுறை ஒளிக்க வழியில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டே நட்டார்கள்.

முருகேசு அண்ணர் வரம்பில் நின்று, "நிப்பாட்டுங்கோ," என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நான் நடாத வயல் என்ர வயல் இல்லை. ஐயா கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டன். நடுப் பட்டையை விடுங்கோ. அதை நான் நடுவன்."

"என்னண்டு நடுவியள்? கட்டை தாழுமே!" என்று நான் சீறினேன். வரம்பில் நிற்பதற்குச் சிரட்டை போதும். சேற்றுக்குள் எந்தச் சிரட்டையும் நிற்காது.

செல்லையா அண்ணர் சேற்றிலிருந்து ஏறி, தன் வீட்டுப் பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். திரும்பி வரும்போது தோளில் மட்டப்பலகை. சேற்றைச் சமப்படுத்த மாடு கட்டி இழுக்கும் அகன்ற பலகை அது. அதைச் சேற்றின் மேல் வைத்தார். மேலே சாக்கை மடித்துப் போட்டார். வளையத்தில் கயிற்றைக் கட்டினார். பிறகு நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் எதுவும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பொறுங்கோ!" என்று ஓடினேன். பேறு பார்க்கும்போது கட்டிலில் விரிக்கும் ரப்பர் சீலை என் பெட்டியில் இருந்தது. அதை முருகேசு அண்ணரின் வெட்டிய காலில் சுற்றி, ஒரு சொட்டுச் சேறும் புகாமல் இறுக்கிக் கட்டினேன். அந்தச் சீலையில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. அன்று அது செய்ததும் அதே வேலைதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேர் அவரைத் தூக்கிப் பலகையில் இருத்தினார்கள். அவர் குனிந்து நாற்றைச் சேற்றில் ஊன்றினார். கை எட்டிய இடமெல்லாம் நட்டதும், பலகையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். செல்லையா அண்ணர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். பலகை வழுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

நாற்று நடுகிறவர் பின்னால் பின்னால்தான் போவார். ஆகவே இழுக்கிறவர் முதுகு நடுகிறவர் முதுகைப் பார்த்தபடி இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு இழுவை. மறுபடி ஒரு தட்டு. மற்றவர்கள் நடுவதை மறந்து பார்த்தார்கள். பறுவதம் அக்கா வரம்பில் உட்கார்ந்து, நாற்று முடிகளை ஒவ்வொன்றாகப் புருஷனின் பக்கம் எறிந்தார். அன்று முழுக்க அவருக்கு இழுப்பு வரவில்லை. ஏன் என்று எந்த மருத்துவமும் எனக்குச் சொல்லவில்லை.

வெயில் சாயும்போது நடுப் பட்டை ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புவரை பச்சையாக நின்றது. வரிசை கொஞ்சம் கோணல். ஆனாலும் நின்றது.

ஜீப் வந்தது

ஐயா வந்தபோது பயிர் வேர் பிடித்திருந்தது. ஆனால் யாரும் நினைக்காத ஒன்று நடந்திருந்தது. ஒவ்வொருவர் வயலிலும் ஒவ்வொரு நெல். ஒருவர் நட்டது கரும்பச்சை, மற்றவருடையது வெளிர்ப்பச்சை, இன்னொருவருடையது குட்டை. முருகேசு அண்ணரின் வயல் பலவிதத் துணி வைத்துத் தைத்த போர்வை மாதிரி இருந்தது.

ஐயா வரம்பில் நடந்து பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"இது என்ன, ஒரு வயலில இத்தினை இன நெல்லு நிக்குது?"

"கனபேற்ற நாத்து, ஐயா," என்றார் முருகேசு அண்ணர். பொய் சொல்ல மாட்டேன் என்றவர் அல்லவா.

"அப்ப இதை நீங்கள் செய்யேல்லை. ஊர் செய்திருக்கு."

"நடுப் பட்டை நான் நட்டது."

ஐயா அவருடைய கட்டையைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். எங்களில் யார் சாட்சி சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வேண்டியவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? "நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்," என்று மெல்லத் தொடங்கினார். பறுவதம் அக்காவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்திருந்தது.

செல்லையா அண்ணர் முன்னால் வந்தார்.

ஐயாவின் புருவம் உயர்ந்தது. "நீர்தானே இந்த ஆளைப் பற்றி முறைப்பாடு சொல்ல வந்தவர்?"

"ஓம், ஐயா. நான்தான்." தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினார். "இது இந்த ஆளின்ர மண்வெட்டிப் பிடி. இந்த ஆளோட எனக்குக் கதை இல்லை. இண்டைக்கும் இல்லை. அந்த நடுப் பட்டை முழுக்க இந்த ஆள் நட்டது. நான் பக்கத்தில நிண்டு கண்டனான். இந்த ஆளுக்காக நான் ஏன், ஐயா, பொய் சொல்லுறன்?"

ஐயா செல்லையா அண்ணரையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை போடாத அந்தத் தோளில் கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறாமல் சிவந்து கிடந்தது. அவர் கண் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வரம்பில் கிடந்த மட்டப்பலகைக்குப் போனது. பிறகு முருகேசு அண்ணரின் நகக்கண்ணில் இருந்த சேற்றுக்கு.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். "காணிக்காரன் செய்திருக்கிறார். காணி அவருக்கே இருக்கட்டும்," என்றார். பறுவதம் அக்கா கொடுத்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்கியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இனி இந்த இருவரும் என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. எனக்கும்தான்.

முருகேசு அண்ணர் சிரட்டை பூட்டிய கட்டையை ஊன்றி ஊன்றி வயலின் மூலைக்குப் போனார். வடிச்சல் வாயைக் குனிந்து பார்த்தார். பிறகு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அந்த ஆளை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"இதை அடைச்சது நீதானே?"

செல்லையா அண்ணர் வானத்தைப் பார்த்தார். "ஓம்."

"விசரா! இளம் பயிருக்கு ஆராவது வடிச்சலை அடைப்பானே?"

என் கை தன்பாட்டில் பெட்டிக்குப் போனது.

செல்லையா அண்ணர் மட்டப்பலகையைத் தூக்கித் தோளில் வைத்தார். தன் வரம்பில் ஏறினார். ஏறி நின்று திரும்பினார்.

"அப்ப வாற போகம் நீயே வந்து திற."

முருகேசு அண்ணர் கட்டையைக் கக்கத்தில் சரியாக வைத்துக்கொண்டார். வயலைப் பார்த்தார்.

"வாறன்," என்றார்.